தேவானையின் மகிழ்ச்சிச் சதவீதம்

தேவானையின் தேய்ப்பு வண்டியில் மக்கள் மகிழ்ச்சி ரோந்துப் பிரிவு தன்னுடைய பதினேழாம் எண் பலகையை ஏன் மாட்டியது என்பதற்கு அந்தப் பிரிவின் கோப்பில் ஒன்றரைப் பக்கத்துக்கு விளக்கம் இருக்கிறது. மக்களோடு மக்களாக, உழைப்போரின் தோளோடு தோளாக என்றெல்லாம் அதில் வரும். நடந்தது வேறு. ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்தக் குறுக்குத் தெருவில், மதிலில் ஆணி அடிக்கக் கூடாது என்று அடுக்குமாடிச் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள். மரத்தில் அடித்தால் யாராவது படம் பிடித்துப் போட்டு மானத்தை வாங்குவார்கள். மின்கம்பத்தின் பக்கம் போக ஏட்டு டில்லிபாபுவுக்குப் பயம். வேண்டாம் என்று சொல்ல முடியாத இடம் தெருவில் தேவானையின் வண்டி ஒன்றுதான். அவளைக் கேட்காமலே நாலு ஆணி அடித்துவிட்டுப் போனார்கள்.

தேவானை அந்த மரத்தடியில் பத்தொன்பது வருஷமாகத் துணி தேய்க்கிறாள். முன்பு மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் குடியிருந்தாள், நடந்தே வந்துவிடுவாள். குடிசைகளை எடுத்துப் பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்த பிறகு இரண்டு பஸ் மாறி வருகிறாள். வண்டியும், ஏழு கிலோ கனத்தில் ஒரு பித்தளை இஸ்திரிப் பெட்டியும்தான் அவளுடைய தொழில். பெட்டியின் மரக் கைப்பிடி ஒருமுறை எரிந்து, அதற்குப் பதில் உடைந்த நாற்காலிக் காலை அறுத்துப் போட்டிருந்தாள்.

ரோந்து என்றால் என்ன என்று அவளுக்கு ஓரளவு தெரியும். இரண்டு வருஷம் முன்பு வரை தெருமுனையில் பட்டா புத்தகம் என்று ஒரு நோட்டு தொங்கும். போலீஸ்காரர் வந்ததற்கு அடையாளமாக நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார். சோம்பல் மிகுந்த நாளில் ஒரு வாரத்துக் கையெழுத்தையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டுக் கரும்புச் சாறு குடிக்கப் போய்விடுவார். இந்தக் கேவலத்தை ஒழிக்கத்தான் மக்கள் மகிழ்ச்சி ரோந்துப் பிரிவைத் தொடங்கினார்கள். நோட்டுக்குப் பதில் மஞ்சள் பிளாஸ்டிக் பலகை வந்தது. மேலே 'நாங்கள் இருக்கிறோம்' என்ற வாசகம், கீழே க்யூஆர் கோடு. ரோந்துக்காரர் அதைக் கைபேசியில் ஸ்கேன் செய்ய வேண்டும். பிறகு பொதுமக்களில் ஒருவரைப் பலகையோரம் நிறுத்திப் படம் எடுக்க வேண்டும். அவர் முகத்தில் எத்தனை சதவீதம் மகிழ்ச்சி இருக்கிறது என்று ஆப் கணக்குப் போட்டுச் சொல்லும். அறுபதுக்குக் குறைந்தால் ரோந்து நடந்ததாகவே அது ஒப்புக்கொள்ளாது.

தெருவைப் பார்க்க வேண்டும் என்று எந்த உத்தரவிலும் இல்லை. அதற்கு ஆப்பில் இடம் ஒதுக்கவில்லை.

ஆகவே டில்லிபாபு தினமும் காலை பதினொன்று இருபதுக்கும் மாலை நாலு மணிக்கும் பைக்கில் வருவார். குனிந்து பலகையை ஸ்கேன் செய்வார். நிமிர்ந்து ஆளைத் தேடுவார். தேவானை எவ்வளவு சிரித்தாலும் நாற்பத்தொன்றுக்கு மேல் ஏறவில்லை. புகையிலைக் கறை படிந்த பல்லை ஆப் சோகம் என்று எடுத்துக்கொண்டது. தபால்காரர், காய்கறிக்காரர், நாயோடு நடக்கிறவர் என்று கிடைத்தவரை நிறுத்தி வைத்துச் சிரிக்கச் சொல்வார். இதற்குப் பயந்தே பதினொன்றே கால் ஆனால் தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துபோயிற்று.

அப்படி ஆளில்லாத ஒரு செவ்வாய்க்கிழமைதான் அது நடந்தது. மூன்றாம் மாடியில் இருந்த ஒரு வீட்டுக்குத் தேய்த்த துணியைக் கொடுக்கத் தேவானை மேலே போனாள். லிப்ட் ஓடவில்லை. முதல் மாடி வெங்கடரமணனுடைய எட்டு முழ வேஷ்டி பாதி தேய்த்தபடி வண்டியில் கிடந்தது. இறங்கி வந்து பார்த்தால் பெட்டி இல்லை, வேஷ்டியும் இல்லை. பெட்டிக்குள் இருந்த கரி மட்டும் சாக்கடை ஓரத்தில் கொட்டிக் கிடந்து இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அடுக்குமாடிக் காவலாளியைக் கேட்டாள். போலீஸ்காரர் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்ததால் தான் பார்க்க வேண்டியதில்லை என்று உள்ளே போய்விட்டதாக அவர் சொன்னார்.

நாலு மணிக்கு டில்லிபாபு வந்தார். தேவானை அழுகையும் கத்தலுமாக விஷயத்தைச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கைபேசியை எடுத்துக் காலைப் படத்தைக் காட்டினார். பலகையோரம் கோடு போட்ட சட்டைக்காரன் ஒருவன் நின்றிருந்தான். இரண்டு கையிலும், வேஷ்டியில் சுற்றிய தேவானையின் பெட்டி. முகமெல்லாம் பல்.

"தொண்ணூத்தி நாலு, யக்கா" என்றார் டில்லிபாபு. "இந்த டிவிஷன்லயே இதான் டாப்பு."

"அய்ய, அது எம்பொட்டி சார்."

"ரிப்பேருக்கு எட்த்துனு போறேன்னு சொன்னாரு. கொதிக்குது, வெயிட்டு வேற. ஸ்கூட்டர்ல வெக்க நாந்தான் ஒரு கை புட்ச்சேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. ஒரு நிமிஷம் தேவானையையும் கைபேசியையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. இருபத்திரண்டு வருஷம் சர்வீஸ் போட்டவர். ஆனால் பெட்டியைத் தூக்கிவிட்டதை 'பொதுமக்களுக்குச் சுமை தூக்க உதவியது' என்று ஆப்பில் ஏற்றி, அதற்கு ஐந்து மதிப்பெண்ணும் காலையிலேயே வாங்கியாகிவிட்டது. ஏற்றியதை இறக்க ஆப்பில் வழி கிடையாது. அலுவலகத்துக்குப் போய்ச் சொல்லுங்கள் என்று முனகிவிட்டு, பள்ளிக்கூட வேன் டிரைவர் ஒருவரைச் சிரிக்க வைத்து அறுபத்திரண்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

மறுநாள் தேவானை பிரிவின் அலுவலகத்துக்குப் போனாள். வாசலில் டோக்கன் மெஷின் இருந்தது. நன்றி தெரிவிக்க ஒன்றை அழுத்தவும், மிக்க நன்றி தெரிவிக்க இரண்டை அழுத்தவும், ஆலோசனை வழங்க மூன்றை அழுத்தவும். புகார் கொடுக்க எதை அழுத்துவது என்று கேட்டதற்கு, இங்கே அப்படி யாரும் கேட்டதில்லை என்று வரவேற்பில் இருந்த பெண் ஆச்சரியப்பட்டாள். தேவானை மூன்றை அழுத்தினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஓர் எழுத்தர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, சமூகத்துக்கு அவள் வழங்க விரும்பும் ஆலோசனை என்ன என்று கேட்டார். பெட்டியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்பதுதான் ஆலோசனை என்றாள் அவள். 'தொலைந்த பொருள்கள் கிடைத்தால் நன்றாக இருக்கும்' என்று அவர் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டார்.

அவள் போகாமல் நின்றுகொண்டே இருந்ததால் இன்ஸ்பெக்டர் கருணாகரனிடம் அனுப்பினார்கள். கருணாகரன் குரலை உயர்த்தாத மனிதர். மேஜையில் அவருக்கு முன்னால் ஒரு சின்னச் செயற்கை நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. அவளை உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார், எல்லாவற்றையும் கேட்டார்.

"பாருங்கம்மா" என்றார். "பதினொண்ணு இருபதுக்குப் பெட்டி திருடு போச்சுங்கிறீங்க. அதே பதினொண்ணு இருபதுக்கு எங்க ஆள் அங்க இருந்திருக்கார். ஸ்கேன் இருக்கு, போட்டோ இருக்கு. ரோந்து இருக்கிற இடத்துல திருட்டு நடக்காது. அதுக்குத்தானே ரோந்து? நடந்துச்சுன்னு நான் எழுதினா எங்க ஆள் அங்க இல்லைன்னு ஆயிடும். இல்லாத ஆள் எப்படிம்மா போட்டோ எடுத்திருப்பார்?"

தேவானை யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்ன விதத்தில் அது சரியாகத்தான் இருந்தது. தன் பெட்டி போகவே இல்லையோ, வண்டியிலேயே இருக்கிறதோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"அந்தப் போட்டோல கீறானே சார், அவந்தான் திருடன்."

"தொண்ணூத்தி நாலு சதவீதம் சிரிச்சிருக்கார்மா. போலீஸைப் பார்த்து எந்தத் திருடனாவது அப்படிச் சிரிப்பானா? அந்த அளவுக்கு ஒரு குடிமகன் நம்ம மேல நம்பிக்கையோட நிக்கிறார். அதைப் போய்க் கொச்சைப்படுத்தாதீங்க."

வெளியே வரும்போது, வந்து போனதற்கு அடையாளமாக அவளைப் படம் எடுத்தார்கள். ஒன்பது சதவீதம்.

வேஷ்டியைப் பறிகொடுத்த வெங்கடரமணன் ஓய்வுபெற்ற தலைமை எழுத்தர். மனு எழுதிப் பழகிய கை. "பித்துக்குளித்தனமா இருக்கே, நான் எழுதறேன் பாரு" என்று உட்கார்ந்து ஏழு பக்கத்துக்கு எழுதினார். அதில் ஐந்து பக்கம் வேஷ்டியைப் பற்றியது. அதன் கரை, அதை வாங்கிய தீபாவளி, ஆத்துக்காரி பார்த்துப் பார்த்துத் துவைத்தது எல்லாம் விவரமாக இருந்தது. பெட்டி ஆறாம் பக்கத்தின் கடைசியில் வந்தது. நாலாம் நாள் அவருடைய கைபேசிக்குப் பதில் வந்தது. தங்கள் மனமார்ந்த பாராட்டுக்கு நன்றி, தாங்கள் அளித்த மகிழ்ச்சி எங்களை மேலும் உழைக்கத் தூண்டும். ஒருவர் ஏழு பக்கத்துக்கு எழுதினால் அது பாராட்டாகத்தான் இருக்கும் என்று பிரிவின் கம்ப்யூட்டர் முடிவு செய்திருந்தது.

தேவானை தினமும் இரண்டு பஸ் மாறி வந்து வெறும் வண்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வராமல் இருந்தால் இடம் போய்விடும். ஏற்கனவே இரண்டாம் மாடியில் மூன்று வீட்டுக்காரர்கள், கைபேசியில் சொன்னால் வந்து துணி வாங்கிப்போகிற ஏதோ கம்பெனிக்கு மாறிவிட்டார்கள். பித்தளைப் பெட்டி இல்லாமல் தேய்ப்புக்காரி எதற்கு என்று போகிறவர்கள் கேட்டார்கள். வேறு பெட்டி வாங்க வழியும் இல்லை.

அப்படி உட்கார்ந்திருந்தவளையும் டில்லிபாபுவின் ஆப் விடவில்லை. துணி கொடுக்க வந்தவர்கள் கம்பெனிக்கு மாறிப்போய், மற்ற ஜனங்களும் பதினொன்று இருபதுக்குப் பயந்து தெரு காலியாகிவிட்டதால், பலகையோரம் நிறுத்த அவளை விட்டால் ஆள் இல்லை. ஒன்பது, எட்டு, ஏழு, ஐந்து என்று விழுந்துகொண்டே போனது. ஏழாம் நாள் மொத்தப் பிரிவின் சராசரியே சரிந்து, அடுத்த பிரிவுக்குக் கீழே போய்விட்டது. இதற்குத்தான் இன்ஸ்பெக்டர் கருணாகரன் முதல் முறையாக அந்தத் தெருவுக்கு நேரில் வந்தார். ஜீப்பில் இருந்து இறங்கினார். பெட்டி போன இடத்தைப் பார்க்கவில்லை, தேவானையின் வாயைப் பார்த்தார்.

மறுநாள் சிந்து என்று ஒரு புன்னகைப் பயிற்சியாளர் கண்ணாடியோடு வந்தாள். நல்ல பெண். முக்காலி போட்டு எதிரில் உட்கார்ந்து, தேவானையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி வாழ்க்கையில் ரொம்பப் பிடித்த ஒன்றை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். தேவானை மூடினாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. எதை நினைத்தீர்கள் என்று சிந்து கேட்டாள்.

"எம்பொட்டியத்தாம்மா."

சிந்து தன் அறிக்கையில், பயனாளிக்கு மகிழ்ச்சிக்கான பொருள் குறைபாடு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தாள். அந்த அலுவலகத்தில் யாரும் எழுதாத உண்மையை, தெரியாமலே அவள்தான் எழுதினாள்.

அதே வாரம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாதத்தின் சிறந்த ரோந்துச் சேவையாக, கோடு போட்ட சட்டைக்காரருக்கு டில்லிபாபு சுமை தூக்கிய சேவை தேர்வாகியிருந்தது. சேவை பெற்ற குடிமகனையும் மேடையேற்ற வேண்டும். பதினோரு நாளாகத் திருடனைத் தேட ஒரு காவலரைக்கூட அனுப்பாத பிரிவு, நன்றியுள்ள குடிமகனைத் தேட இருபத்தாறு பேரை அனுப்பியது. மந்தைவெளி முதல் அடையாறு பாலம் வரை இருந்த கேமராக்களை எல்லாம் பார்த்தார்கள். ஸ்கூட்டர் நம்பர் கிடைத்தது, முகவரி கிடைத்தது, ஆள் கிடைத்தான். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை.

அவன் பெயர் ராம்குமார். வாசலில் ஜீப் வந்து நின்றதும் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்துக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டான். பிடித்துத் தூக்கி நிறுத்தி, கையில் பூங்கொத்து கொடுத்தார்கள். விழாவுக்கு வரவேண்டும், வரும்போது அன்று தூக்கிய அதே சுமையைக் கொண்டுவர வேண்டும், மேடையில் அந்தச் சேவையை மறுபடி நடத்திக் காட்டப் போகிறோம் என்றார்கள். பெட்டி அவனிடமேதான் இருந்தது. போலீஸ் நின்ற இடத்திலிருந்து வந்த பொருள் என்று கேட்டதும் எந்தப் பழைய இரும்புக் கடைக்காரரும் பயந்து அதைத் தொடவில்லை. அடிப்பதற்கு முன்னால் பூங்கொத்து கொடுப்பது இப்போதைய புது முறை போலிருக்கிறது என்று ராம்குமார் நினைத்தான். விழா நாள் வரை அவன் சரியாகத் தூங்கவில்லை.

பெட்டி போன பதினெட்டாம் நாள், சனிக்கிழமை காலை, மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. நாற்காலிகளை நிரப்பப் பொதுமக்கள் வேண்டும் என்பதால் டில்லிபாபு தேவானையையும் வெங்கடரமணனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். சிற்றுண்டி உண்டு என்றார். வழியெல்லாம் அவர் தேவானையின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

துணை ஆணையர் அன்புக்கரசி தலைமை உரை ஆற்றினார். மைக்கைப் பிடித்துக் கண்ணீர் வராமல் கண்ணீர்க் குரலில் பேசக் கற்றவர்.

"முன்பெல்லாம் ரோந்து என்றால் திருடனைத் தேடி அலைவது என்று நினைத்தோம். திருடன் ஒருவன். பொதுமக்கள் பல்லாயிரம். ஒருவனுக்காக அத்தனை நேரம் செலவழிப்பது பொதுமக்களுக்குச் செய்கிற துரோகம் இல்லையா? ஆகவே திருடனை விட்டுவிட்டோம். இந்தப் பிரிவு தொடங்கிப் பதினெட்டு மாதத்தில் ஒரு திருட்டுக்கூடப் பதிவாகவில்லை. பதிவாகாமல் பார்த்துக்கொள்வது எளிது என்று நினைக்காதீர்கள். அதற்காக எங்கள் தோழர்கள் குடும்பத்தை மறந்து உழைக்கிறார்கள். இன்று யார் வேண்டுமானாலும், எந்தப் பொருளை வேண்டுமானாலும், எங்கள் கண் எதிரே அச்சமில்லாமல் எடுத்துச் செல்லும் நிலையை உருவாக்கியிருக்கிறோம்."

மண்டபம் கைதட்டியது. அடுத்து சேவையை நடத்திக் காட்டினார்கள். ராம்குமார் நொண்டிக்கொண்டே மேடைக்கு வந்தான். அவன் கையில், வெங்கடரமணன் வேஷ்டியில் சுற்றிய பெட்டி. நாற்காலிக் காலில் செய்த கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூன்றாம் வரிசையில் தேவானை எழுந்து நின்றாள். பக்கத்தில் வெங்கடரமணன் "என் வேஷ்டி" என்றார். மேடையில் ஒரு ஸ்கூட்டரை நிறுத்தியிருந்தார்கள். டில்லிபாபு வியர்த்துக்கொண்டே ஒரு கை பிடித்தார். பெட்டி ஸ்கூட்டரில் ஏறியது. மறுபடியும் கைதட்டல். ஒரு திருட்டு இரண்டாம் முறையாக, நாதஸ்வரத்தோடு நடந்து முடிந்தது.

பிறகு சேவை பெற்ற குடிமகனை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். ராம்குமாருக்குச் சால்வை போட்டிருந்தது. எதிரில் வரிசை வரிசையாகக் காக்கிச் சட்டை. நடுவில் எழுந்து நின்று தன்னையே வெறித்துப் பார்க்கிற ஒரு பொம்பளை. அவனால் இதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"சார், வாணாம் சார். பொட்டி அந்தம்மாது. நாந்தான் திருட்னேன். இன்னா செய்யணுமோ செஞ்சுடுங்க, இப்டி சால்வ எல்லாம் போடாதீங்க."

பதினெட்டு நாளில் முதல் முறையாக ஒருவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான், அதுவும் மைக்கில். அந்த நிமிஷம் தேவானைக்கு அவன் மேல் கோபம்கூட இல்லை.

கருணாகரன் நிதானமாக எழுந்து வந்து மைக்கை வாங்கினார். "எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்" என்றார். "தன்னிடம் இருக்கும் ஒரே பெட்டியை ஓர் ஏழைத் தாய்க்குக் கொடுக்க நினைக்கிறார். கொடை என்று சொன்னால் அந்தத் தாயின் மனம் நோகுமே என்று, தான் திருடியதாகச் சொல்கிறார். இப்படிப்பட்ட குடிமகனை உருவாக்கியது யார்? நம் ரோந்து."

கூரை அதிரக் கைதட்டினார்கள். துணை ஆணையர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ராம்குமார் இல்லை, இல்லை என்று தலையாட்டியதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சால்வை போட்டார்கள். பொருள் குறைபாடு என்று சிந்து எழுதிக் கொடுத்த அறிக்கை கோப்பில் இருந்ததால் காரியம் மளமளவென்று நடந்தது. நலிந்த தேய்ப்புத் தொழிலாளி தேவானைக்கு ரோந்துப் பிரிவின் அன்பளிப்பாக இஸ்திரிப் பெட்டி ஒன்று வழங்கப்படும் என்று அங்கேயே அறிவித்தார்கள்.

மேடையில் ஒரு படிவத்தை நீட்டினார்கள். வெங்கடரமணன் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அவளுக்குப் படித்துக் காட்டினார். மூன்றே வரி. எனக்கு இதற்கு முன் இஸ்திரிப் பெட்டி எதுவும் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது. அதனால் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.

"பத்தொம்பது வருசம் இத்த வெச்சிக்கினுதான் சார் ரெண்டு பொண்ண கட்டிக் குட்த்தேன்" என்றாள் தேவானை. "இல்லவே இல்லன்னு எப்டி சார் கையெய்த்துப் போட்றது?"

"போட்டுட்டு வாங்கிண்டு வந்துடும்மா" என்று வெங்கடரமணன் காதோடு சொன்னார். "நியாயத்தை அப்புறமாப் பாத்துக்கலாம்." அவருடைய வேஷ்டி ஏற்கனவே அவர் கக்கத்தில் இருந்தது.

தேவானை பெட்டியைப் பார்த்தாள். அடிப்பக்கம் லேசாகப் பச்சை பூத்திருந்தது. இதை விட்டுவிட்டுப் போனால் திங்கட்கிழமை வண்டிக்கு முன்னால் மறுபடியும் சும்மா உட்கார வேண்டும். கையெழுத்துப் போட்டாள். அந்த மூன்று வரியில் நடுவரி ஒன்றுதான் உண்மை என்பது அந்த மேடையில் எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. திருடு கொடுத்தவளுக்கு ஏன் வெட்கம் வர வேண்டும் என்று புரியாமல் அதனாலேயே ஆத்திரமும் வந்தது. துணை ஆணையர் பெட்டியைப் பிடித்துக் கேமராவைப் பார்த்து நின்றார். அவர் முகம் ஒன்றே தொண்ணூற்றாறு காட்டியதால் தேவானையைச் சிரிக்கும்படி யாரும் வற்புறுத்தவில்லை. வாசலில் பொட்டலத்தில் கேசரி கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை பெட்டியைப் புளி போட்டுத் துலக்கி, கரி போட்டு மூட்டினாள். வெங்கடரமணன் அதே வேஷ்டியை அனுப்பியிருந்தார். அதில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு பழுப்புக் கறை. பதினொன்று இருபதுக்கு டில்லிபாபு வந்தார். சட்டைப் பையில் புதிதாக ஒரு பதக்கம். பைக்கை நிறுத்தி, கைபேசியை எடுத்துக்கொண்டு குனியப் போனவர், கொஞ்சம் தயங்கி, இனி அவள் பயனாளி என்ற தனிப் பட்டியலில் வருவதாகவும், வாரம் ஒருமுறை பெட்டியோடு நின்று எண்பதுக்கு மேல் சிரிக்க வேண்டும் என்று ஐயா சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார்.

தேவானை வேஷ்டியைத் தள்ளி வைத்தாள். பெட்டியை எடுத்தாள். உள்ளே கரி சிவந்து கொதித்துக்கொண்டிருந்தது. வண்டியின் முன்பலகையில் அதைக் கொண்டுபோய், 'நாங்கள் இருக்கிறோம்' என்ற எழுத்தின் மேல் வைத்து அழுத்தி, ஒரு சட்டையின் முதுகைத் தேய்ப்பது போல மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தாள். மஞ்சள் பிளாஸ்டிக் உருகி வழிந்தது. க்யூஆரின் கறுப்புக் கட்டங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து கூழாயின. மூக்கைத் துளைக்கும் நாற்றம். அவள் அவசரப்படாமல் இன்னொரு இழுப்பும் இழுத்து, ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக்கைக் கரண்டியால் சுரண்டிப் போட்டாள்.

டில்லிபாபு கைபேசியை நீட்டியபடியே நின்றார். பதினொன்று இருபதுக்குத் தான் அங்கே இருந்ததாக எழுதினால் தன் கண் முன்னாலேயே இது நடந்ததாக எழுத வேண்டும். இல்லை என்று எழுதினால் ரோந்து வராததாக எழுத வேண்டும். ஆப்பில் இரண்டுக்குமே இடமில்லை. கடைசியில் அவர் கேட்டது, உண்மையிலேயே தெரியாத ஒருவர் கேட்பது போலத்தான் இருந்தது.

"யக்கா, இப்ப நா எத்த பாக்கறது?"

"தோ, தெரு கீதே" என்றாள் தேவானை. "அத்த பாரு சார்."

சொல்லிவிட்டு வேஷ்டியை இழுத்துப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். டில்லிபாபு கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தெருவுக்குப் பதினெட்டு மாதமாகத் தினமும் இரண்டு தடவை வந்தவர், இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.